அரைமணித்தியாலத்தில் வீடு, எதற்கு அறை?

“அக்கா, வீடு அரைமணித்தியாலத்தில இருக்கு. பிறகேன் உள்ளுக்கை றூம்?”

போன ஆவணியில் பாரிசிலிருந்து பிள்ளைகளோடு வந்திறங்கிய தம்பி கேட்ட கேள்வி. நாங்கள் இருப்பது கிளிநொச்சிக்குப் பக்கத்தில், உருத்திரபுரத்தில். போக நினைத்த இடம் இயக்கச்சி றீச்சா பண்ணை. புலம்பெயர்ந்த தமிழரின் முதலீட்டில் எழுந்த அந்தப் பண்ணையில் தோட்டம், ஆடு மாடு, சிறுவர் விளையாட்டு, நீச்சல் தடாகம், தங்கும் அறை எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து பரந்தன், ஆனையிறவு தாண்டினால் இயக்கச்சி. பிள்ளைகள் வானுக்குள் சண்டை பிடித்து முடிக்க முதல் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த இடத்தில் ஒரு இரவுக்கு இரண்டு அறை எடுக்கவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அம்மா தம்பியின் பக்கம். “காசு குடுத்து வெளியில படுக்கிறதோ பிள்ளை? சும்மாவே எத்தினை இடத்தில படுத்தனாங்கள்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, முள்ளிவாய்க்கால், கடைசியில் மெனிக் பாம் முகாம். 2008 பிற்பகுதியில் சண்டையால் வீட்டை விட்டு வெளிக்கிட்டபின் அம்மா தறப்பாளுக்குக் கீழ் படுத்த இடங்கள் அவை. வெளியில் இரவு தங்குவதை உல்லாசம் என்று ஏற்றுக்கொள்ள அவவின் வயதுக்காரருக்கு மனம் லேசில் வராது. அந்த இடத்தில் வாதாடி வெல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அறைக்கு முற்பணம் கட்டினேன். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கதை லீவுக்கு லீவு எழும்புகிறபடியால் என் பக்க நியாயத்தை எழுதி வைக்கிறேன்.

நியாயம் பிறந்தது வேறொரு பயணத்தில். நாலு வருசத்துக்கு முன் தெற்கில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பூங்காவுக்குள் இருந்த அறை விலை கூட என்று, வெளியில் மலிவாக ஒரு விடுதியைப் பிடித்தோம். “நடக்கிற தூரந்தான்” என்றார்கள் போனில். போய் இறங்கியபின் ஓட்டோ மீற்றர் நாலு கிலோமீற்றர் காட்டியது. காலையில் ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். பதினொன்றரைக்குச் சீமெந்துத் தரை கால் வைக்க விடவில்லை. மகனுக்கு அப்போது நாலு வயது. ஈர உடுப்போடு என் தோளில் நித்திரையாகிவிட்டான். மகளுக்கு இன்னும் நாலு சறுக்கீஸ் மிச்சம் இருந்தது. அம்மா பைகளைக் காவல் காத்துக்கொண்டு கழிப்பறைப் பக்க மரம் ஒன்றின் கீழ் சீமெந்துக் கட்டில் இருந்தா. நாங்கள் நாலு மணிக்குத் திரும்பி வரும்போதும் அதே கட்டில்தான் இருந்தா. பிறெசர் குளிசை போடும் நேரமும் தவறிவிட்டது, குளிசை விடுதி அறையில் கிடந்தது. விடுதிக்குப் போய் வர ஓட்டோக் காசும் ஒரு மணித்தியாலமும் செலவாகும் என்பதால் ஒருவரும் போகவில்லை.

மலிவு அறையில் மிச்சம் பிடித்த காசை அம்மாவின் முதுகு கட்டியது என்று அன்றிரவு கணக்கு முடித்தேன்.

அறை என்றால் இரவுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குடும்பத்தோடு விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அறை வேண்டியது மத்தியானத்துக்கு. பன்னிரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில்தான் பிள்ளை அழும், புருசனும் பெண்சாதியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார்கள், கிழவிக்குத் தலை சுற்றும். அந்த நேரத்தில் ஐந்து நிமிச நடையில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் ஒரு சுத்தமான பாத்றூமும் இருந்தால், பின்னேரம் நாலு மணிக்கு அதே குடும்பம் புதிதாக வெளிக்கிடும். இருபது கிலோமீற்றருக்கு அப்பால் சொந்த வீடே இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது உதவாது.

தம்பிக்கு இது விளங்காததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவன் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னவில். டிஸ்னிலாண்டுக்குக் காலையில் ரயிலேறிப் போய், பூங்கா மூடும்வரை நின்று, இரவு ரயிலில் வீட்டுக்கு வருகிறவன். பல தரம் போயிருக்கிறான், ஒரு தரமும் அங்கே படுக்கவில்லை. அவனைப் போன்றவர்களால் டிஸ்னி நிறுவனமே ஒருமுறை ஆட்டம் கண்டது. 1992 ஏப்ரல் 12ஆம் திகதி அந்தப் பூங்காவைத் திறந்தபோது கூடவே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறைகளோடு விடுதிகளையும் திறந்தார்கள். சனம் பல நாள் தங்கும் என்பது அவர்களின் கணக்கு. பூங்கா வாசலிலேயே ரயில் நின்றது. சனம் காலையில் வந்து இரவில் போனது. அறைகள் காலியாகக் கிடந்ததும் சேர்ந்து கடன் தலைக்கு மேல் ஏறி, 1994இல் கடன்காரருடன் இருந்து கணக்கைத் திருப்பி எழுத வேண்டி வந்தது.

பூங்காக்காரர் உள்ளே விடுதி கட்டுவது பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் என்று நினைக்கவேண்டாம். 1955 யூலையில் கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் விடுதி கட்டக் காசு இருக்கவில்லை. அந்த ஒக்டோபரில் ஜாக் ராதர் என்ற வேறொரு முதலாளிதான் விடுதியைக் கட்டித் திறந்தார். பிறகு பூங்காவைச் சுற்றி ஊரே விடுதியாக முளைத்தது. பூங்கா ஒருவருடையது, படுக்கைக் காசு இன்னொருவருடைய பெட்டியில். அந்தச் சூடு மறக்காமல்தான் புளோரிடாவில் காணியைப் பெரிதாக வளைத்துப் போட்டு, 1971இல் பூங்காவோடு சொந்த விடுதிகளையும் சேர்த்தே திறந்தார்கள். ஆகவே உள்ளே அறை எடுக்கும்போது நாங்கள் கட்டுவது கட்டிலுக்கு மட்டுமான காசில்லை, பூங்கா எங்களை வெளியில் விடாமல் வைத்திருப்பதற்கான காசும் அதற்குள் இருக்கிறது. தெரிந்து கட்டினால் குற்றமில்லை.

அந்தப் பெரிய பூங்காக்களில் உள்ளே தங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை: மற்றவர்களுக்கு முன்னமே உள்ளே விடுவார்கள். பாரிசில் அது ஒரு மணித்தியாலம். வரிசை நீள முதல் இரண்டு மூன்று விளையாட்டை முடித்துவிடலாம். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் இந்தக் கதையைத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. அங்கே நாளைத் தின்பது வரிசை, இங்கே வெயில். ஆவணி மாசச் சோளகத்தில் ஆனையிறவு உப்பளப் பக்கம் ஒருதரம் மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அதனால் எங்கள் பயணத்தின் நேரத்தை நான் இப்படி வெட்டினேன்: முதல் நாள் மூன்று மணிக்குப் போய்ச் சேருவது, இருட்டும்வரை விளையாட்டு, இரவு தங்கல், விடிய எழும்பிப் பதினொரு மணிவரை விளையாட்டு, பிறகு வீடு. ஒரு முழு நாளை நடுவில் கிழித்து, வெயில் பக்கத்தை எறிந்துவிட்டு, இரண்டு நிழல் பக்கத்தை ஒட்டினேன். இடையில் ஒரு இரவு இல்லாமல் இது நடக்காது. ஏ9 வீதியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு படுத்திருக்கிற மாடுகளுக்குள்ளால் களைத்த சாரதியோடு வருகிற தலையிடியும் இல்லை.

அம்மாவை இந்தக் கணக்கால் அசைக்க முடியவில்லை. அவவை அசைத்தது மடு.

எங்கள் வீட்டில் மடு மாதா கோவிலுக்குப் போகிற வழக்கம் இருக்கிறது. சைவக்காரர்தான், ஆனாலும் அம்மாவின் தாய் ஒரு நேர்த்தி வைத்த காலத்திலிருந்து போகிறோம். ஆவணி 15 பெருநாளுக்கு நாலைந்து நாள் முன்னமே சட்டி பானையோடு போய், கோவிலைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழ் கொட்டில் போட்டு, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து வருகிற சனத்தோடு அம்மாவும் சின்ன வயதில் படுத்தவ. பக்கத்துக் கொட்டிலில் வந்திருந்த முருங்கன் ஆட்களுடன் பழகி, அவர்களின் கலியாணத்துக்குப் போன கதையும் இருக்கிறது. “அம்மா, மடுவுக்குக் காலமை போய்ப் பின்னேரம் வந்திருக்கலாமே, ஏன் தங்கினனீங்கள்?” என்று கேட்டேன். “அது பெருநாளெல்லோ. தங்கினாத்தானே பெருநாள்” என்றா. “பேரப்பிள்ளையளுக்கு இதுதான் பெருநாள்” என்றேன். முறைத்துப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய்த் தன்ர சேலையை மடிக்கத் தொடங்கினா.

அறை பிடிக்கிறவர்கள் படத்தை நம்புவதுதான் பெரிய பிழை. படத்தில் எந்த விடுதியும் அழகு. நான் போன் எடுத்துத்தான் பிடிப்பேன், எந்த இடமாக இருந்தாலும் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அறைக்காசுக்குள் விளையாட்டுக் கட்டணமும் அடங்குமா, அடங்கினால் வருகிற நாளுக்கும் போகிற நாளுக்கும் சேர்த்தா? இதுதான் முதல் கேள்வி. பாரிஸ் விடுதிகள் தங்கும் இரவோடு இரண்டு நாள் அனுமதியையும் சேர்த்து விற்கின்றன. எல்லா இடமும் அப்படி இல்லை. அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றால் அதற்கு முதல் பைகளை எங்கே வைப்பது? காலையில் அறையை விட்டபின் குளித்து உடுப்பு மாற்ற இடம் தருவார்களா? கொமட் இருக்கிறதா, வாசலில் எத்தனை படி? முழங்கால் வருத்தக்காரிக்கு நீச்சல் தடாகத்தின் நீளத்தை விடப் படிக்கட்டின் உயரம் முக்கியம். கரண்ட் போனால் ஜெனரேற்றர் அறைக்கும் வேலை செய்யுமா, வரவேற்பறைக்கு மட்டுமா? வெளிச் சாப்பாடு விடமாட்டோம் என்பது பல பூங்காக்களில் சட்டம். நீரிழிவுக்காரருக்குக் குரக்கன் புட்டு கொண்டு வரலாமா என்று முன்னமே கேட்டால் பெரும்பாலும் இரக்கப்படுவார்கள். வாசலில் நின்று கேட்டால் சட்டம் பேசுவார்கள்.

இந்த இடத்தில் வடக்கில் விடுதி நடத்துகிற எல்லோரிடமும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. ‘குடும்ப அறை’ என்று நீங்கள் சொல்வது தாய், தகப்பன், இரண்டு பிள்ளை. எங்கள் குடும்பம் அப்படியா வருகிறது? அம்மம்மா வருவா. கலியாணம் செய்யாத சித்தி வருவா. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். பாரிசில் அளந்த அளவில் இங்கே அறை கட்டினால், மேலதிக மெத்தை என்று ஒரு தொகையும், மேலதிக ஆள் என்று இன்னொரு தொகையும் கட்டவேண்டி வருகிறது. நிலத்தில் ஐந்து பாய் விரிக்கக்கூடிய ஒரு பெரிய மண்டப அறை, அதோடு ஒட்டி இரண்டு பாத்றூம் போதும். கட்டில்கூட வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு மண்ணில் துணி விரித்து இரவைக் கழிக்கிற சனம் நாங்கள். மலிவு விலையில் அப்படி ஒரு மடத்தைக் கட்டிப் பாருங்கள், வருசம் முழுக்க நிரம்பும்.

இன்னொன்று, காலம். யூலை, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டு லீவும் ஒன்றாக வரும். அறைக்கு அடிபிடி, விலையும் அதற்கேற்ற விலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. உள்ளூர்க் குடும்பங்களுக்கு உகந்தது மாசி, பங்குனி. காலபோகம் வெட்டி நெல்லு விற்ற காசு கையில் இருக்கும், காலை வெயிலும் கடிக்காது. எங்கள் வீட்டில் எந்தச் செலவையும் நெல்லு மூட்டையில்தான் கணக்குப் பார்ப்போம். அந்த இரண்டு அறையும் எத்தனை மூட்டை என்று இங்கே எழுதினால் என் கணவர் பேப்பரை மடித்து ஒளித்துவிடுவார்.

எல்லோரும் அறை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளிநொச்சியில், பரந்தனில், பளையில் இருக்கிற இளம் தாய் தகப்பனும் ஓடியாடுகிற பிள்ளைகளும் என்றால் மூன்றரைக்குப் போய் இருட்ட வீட்டுக்கு வாருங்கள், அறைக்காசில் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கலாம். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் தங்கத்தான் வேண்டும். வயதான ஒருவரோ கைக்குழந்தையோ கூட வந்தால், வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தாலும் உள்ளுக்குள் அறை எடுங்கள். இரண்டு இரவு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். இரண்டாம் நாள் மத்தியானம் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சறுக்கீஸும் அலுத்துவிடும், பிறகு போன்தான்.

நாங்கள் தங்கிய இரவு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் அடித்துப்போட்டதுபோல் நித்திரை. தம்பியும் என் கணவரும் வெளியில் கதிரை போட்டு இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் இந்த இயக்கச்சியில் என்ன நடந்தது என்று பத்தரை மணிவரை கதைத்தார்கள். மெல்லக் கதைத்தார்கள். அம்மா கதவுக்குக் கிட்டவாகப் பாயைப் போட்டுப் படுத்தா. கட்டில் வேண்டாமாம். இரவில் ஒருக்கால் எழும்பிப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தா, நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். விடிய ஆறு மணிக்கு, ஒருவரும் எழும்ப முதல், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடு பார்க்கப் போய்விட்டா.

வாற மாசி அரிவி வெட்டு முடிய மறுபடி போவதாகப் பேச்சு. தலையணை சரியில்லையாம், இந்தமுறை தன்ர தலையணையைக் கொண்டு வரப்போறாவாம்.