கூச்சம் இருந்தால் கல்லூரிக்குப் போகக் கூடாதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை, வீட்டில் எல்லாருடைய பேச்சும் மார்க், கட்-ஆஃப், பீஸ் என்றே ஓடுகிறது. பெண் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு என்ன ஆகிறாள் என்று கேட்பவர்கள் குறைவு. அதிலும் இயல்பாகவே வாய் திறக்காத பெண் என்றால், "போகப் போகச் சரியாயிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். எல்லாப் பெண்களுக்கும் அப்படிச் சரியாகி விடுவதில்லை சகோதரிகளே!

என் மகள் மேட்டூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி., வேதியியல் கிடைத்தது. முதல் நாளே ஒவ்வொருவராக மேடையேறி ஆங்கிலத்தில் தங்களை அறிமுகப்படுத்திக் கொள்ளச் சொன்னார்களாம். இவள் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான்! இரண்டாவது வாரம், "அம்மா, நான் நின்னுக்கறேன், எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்" என்று சொல்லி விட்டாள்.

இந்த இடத்தில்தான் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் வித்தியாசம். பையன் நின்றால் வேறு கோர்ஸ், வேறு வேலை என்று யோசிப்பார்கள். பெண் நின்றால்? "நான்தான் அப்பவே சொன்னேனே, காலா காலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுங்கன்னு" என்று என் மாமியார் ஆரம்பித்து விட்டார். இவரும் பதில் பேசவில்லை. மேடையில் நாலு வார்த்தை வராததற்குத் தண்டனை பதினெட்டு வயதில் கல்யாணமா?

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. பள்ளியில் பருமனறி பகுப்பாய்வு என்று படித்ததை அங்கே வால்யூமெட்ரிக் என்கிறார்கள். தனிம வரிசை அட்டவணையை மனப்பாடமாகச் சொல்பவள், பீரியாடிக் டேபிள் என்று வேகமாகச் சொன்னால் விழிக்கிறாள். சந்தேகம் கேட்கலாம் என்றால் கேள்வியையும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமோ என்ற பயம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது 'கூச்ச சுபாவம்'. எனக்கென்னவோ பாதி கூச்சம், பாதி மொழி என்றுதான் படுகிறது. முதல் மாதத்தில் இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பாதிக் கூச்சம் போய் விடும். அதற்குப் பணம் கூடச் செலவில்லை.

அவளைக் காப்பாற்றியது கல்லூரி அல்ல, பஸ்! மேட்டூரிலிருந்து மேச்சேரி, ஓமலூர் வழியாகச் சேலத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர். காலையில் ஒரே பஸ்சில் தினமும் அதே முகங்கள். மேச்சேரியில் ஏறும் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, "நீயும் கெமிஸ்ட்ரியா கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். அவளும் தமிழ் மீடியம். தான் முதல் வருஷம் எழுதி வைத்திருந்த, ஓரத்தில் தமிழில் அர்த்தம் போட்ட நோட்டைக் கொடுத்தாள். கேன்டீனில் எந்த நேரம் கூட்டமிருக்காது, ரெக்கார்டு நோட்டை யாரிடம் நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. மேடைக்கு வெட்கப்படும் பெண், பஸ் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் தாராளமாகப் பேசுகிறாள்.

சீனியர் என்றாலே நம் காலத்துத் தாய்மாருக்கு நடுக்கம்தான். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை யார் மறக்க முடியும்? அதன் பிறகுதான் 1997-ல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் விதிகள் கொண்டு வந்தது. புதியவர்களை முடிந்தவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்லதுதான், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே விதிகளில், முதலாண்டு மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிக் குறை கேட்க வேண்டும் என்றும் இருக்கிறதே! அதை எத்தனை கல்லூரிகள் செய்கின்றன? 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி வழிகாட்டியும் வந்தது. எங்கள் பெண் போன கல்லூரியில் அது ஒரு நாள் விழாவாக, சால்வை போர்த்தி முடிந்து விட்டது.

அரசு தன் பங்குக்குச் செய்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பணம் பெரிய ஆறுதல். (மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், சேலம் போகும் வெளியூர் பஸ்சுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.) பணம் பெண்ணைக் கல்லூரி வாசல் வரை கொண்டு போய் விடும். உள்ளே பிடித்து வைப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். அட்மிஷன் போடும்போதே மாணவி எந்த ஊர் பஸ்சில் வருகிறாள் என்று எழுதி வாங்குகிறீர்கள். அதை வைத்து, அதே வழியில் வரும் மூத்த மாணவியர் இரண்டு பேரைத் துறை ஆசிரியையே தேர்ந்தெடுத்து முதல் வாரத்தில் அறிமுகம் செய்து வையுங்கள். அறிமுகப் பேச்சை இரண்டாவது மாதத்துக்குத் தள்ளுங்கள், தமிழிலும் பேசலாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று: உதவி என்ற பெயரில் பெண்களின் போன் நம்பர்களை வாட்ஸ்-அப் குரூப்பிலோ நோட்டீஸ் போர்டிலோ போட்டு விடாதீர்கள். நேரில் அறிமுகம் செய்தால் போதும், நம்பரை அவர்களே கொடுத்துக் கொள்வார்கள்.

– ஒரு தாய், மேட்டூர் அணை.