தவறு நடந்தால் முதலில் யாரிடம் சொல்வது?

2022 மார்ச் 9 மாலை இந்தியாவிலிருந்து கிளம்பிய நம் ஏவுகணை ஒன்று எல்லை தாண்டிப் போய், பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. மறுநாள் மாலை பாகிஸ்தான் ராணுவம் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தது. அதற்கும் மறுநாள்தான், தவறுதலாகப் பாய்ந்துவிட்டது என்று நம் பாதுகாப்பு அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது. பின்னர் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கும் இடையே நேரடித் தொலைபேசி இருக்கிறது. 1971 போருக்குப் பின் வந்த ஏற்பாடு அது. அதன் வழியே உடனே ஏன் சொல்லவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது. கேட்டவர் யாராக இருந்தாலும் கேள்வி நியாயமானது. இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கிறோம்.

நான் தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தந்தியில் எண்கள் இருந்தால் கடைசியில் அவற்றை மட்டும் மறுபடி அனுப்பிச் சரிபார்ப்போம். தப்பாகப் போன ஒரு எண் ஒரு குடும்பத்தையே அலைக்கழித்துவிடும். நாடுகளுக்கிடையே அந்தச் சரிபார்ப்பு இன்னும் எத்தனை மடங்கு வேண்டும்!

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றபோது, வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்பிய விதத்தைப் படித்து உறைந்துபோனேன். குறியீட்டில் எழுதிய தந்தியை வாங்கிப் போக, தனியார் தந்தி நிறுவனத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருவான். அவன் வழியில் எங்கும் நிற்காமல் போய்ச் சேர வேண்டுமே என்று தூதர் கவலைப்பட்டிருக்கிறார். சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய நீண்ட கடிதம் முழுதாகக் கிடைக்கப் பல மணி நேரம் ஆனது. இறுதியில், ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை மாஸ்கோ வானொலியில் வாசித்தார்கள். அதைவிட விரைவான வழி இல்லை!

அடுத்த ஆண்டே அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேரடி இணைப்பு அமைத்துக்கொண்டன. திரைப்படங்களில் காட்டும் சிவப்புத் தொலைபேசி அல்ல அது. தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டர். பேச்சில் குரல் உயரும், மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் தடுமாறுவார். எழுத்தை இரண்டு முறை படிக்கலாம், யோசித்துப் பதில் எழுதலாம். 1967 மேற்காசியப் போரில் அமெரிக்கக் கப்பல் லிபர்ட்டி இஸ்ரேலால் தாக்கப்பட்டது. நிலைமையைப் பார்க்கத்தான் எங்கள் விமானங்கள் பறக்கின்றன என்று அமெரிக்க அதிபர் ஜான்சன் அந்த இணைப்பில்தான் மாஸ்கோவுக்குத் தெரிவித்தார். சொல்லாமல் பறந்திருந்தால் மாஸ்கோ அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்?

இன்று வேகத்துக்குக் குறைவில்லை. 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்று இங்குள்ள சில தொலைக்காட்சிகள் இரவெல்லாம் முழங்கின. அது பொய். அந்தப் பொய்யும் நொடியில் எல்லை தாண்டியிருக்கும். மே 10 பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம் தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணி முதல் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கம்பிக்கு மதிப்பு இருக்கிறது.

ஆனால் விபத்து நடந்த உடனே அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டித் தெரிவிக்க 2005இல் ஒப்பந்தம் போட்டோம். குரூஸ் வகை அதில் இல்லை. மியான் சன்னுவில் விழுந்த பிரமோஸ் அந்த வகைதான். இரண்டு அரசுகளும் உட்கார்ந்து குரூஸ் ஏவுகணைகளையும் அதில் சேர்க்கட்டும். தவறிப் பாயும் எதையும் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கும் பொறுப்பையும் எழுதிக்கொள்ளட்டும். அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பரிமாறிக்கொள்கிறவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.