எஃப் கார்டும் ஒரு ஜெராக்ஸ் தாளும்

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் எட்டு வாரம் கிட்டார் கற்றாள். ஈ மைனர், ஜி, சி, டி எல்லாம் அவளுக்குச் சுத்தமாக வந்தன. எஃப் சொல்லிக்கொடுத்த வாரம் தடுமாறினாள், அடுத்த வாரமும் அப்படியே. "ரொம்ப வலிக்குது மாஸ்டர்" என்று விரல் நுனிகளைக் காட்டினாள். "வீட்டில் எடுத்து வாசித்தால்தானேம்மா பழகும்" என்றேன், அவளுடைய அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஆறு வருடம் கழித்து அந்த அம்மா, வேறு பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று அந்த கிட்டாரை வகுப்பில் கொடுத்துவிட்டுப் போனார். உறையிலிருந்து எடுத்து, சுருதி சேர்த்து, எஃப் பிடித்தேன். முப்பது வருடமாக வாசிக்கிற என் ஆள்காட்டி விரலுக்கே முதல் இரண்டு கம்பிகளும் அடைத்துப்போய்த்தான் ஒலித்தன. அந்தப் பெண் வீட்டில் வாசித்திருக்கிறாள். அந்த விரல் நுனிகளே அதைச் சொல்லியிருந்தன. நான்தான் கிட்டாரைப் பார்க்காமல் பிள்ளையைக் குறை சொல்லி அனுப்பிவிட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் வருடத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனம் சொன்னது நம்மில் பலர் கேள்விப்பட்டதுதான். பொறுமை இல்லை, செல்போன் கெடுக்கிறது, பெற்றோர் கவனிப்பதில்லை என்று காரணங்களை அடுக்குகிறோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முதல் வகுப்பில் மாணவர் கொண்டுவரும் கிட்டாரை வாங்கி, கம்பியின் உயரத்தை அளந்து பார்க்கிற ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்? அளக்காதவரை மற்ற காரணங்களைப் பேச நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

பெரும்பாலோர் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். அங்கே ஆறாவது கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் இருந்தால் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு நல்ல அளவு. விலை குறைந்த கிட்டார்கள் பல, கடையிலிருந்து வரும்போதே 3.5, 4 என்று நிற்கும். அதைச் சரிசெய்யச் சேடிலைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பன்னிரண்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய வேண்டும். இது பலருக்கும் தெரிந்த வேலை.

தொடங்குபவரின் விரலைக் கொல்வது இன்னொரு முனையில், நட்டில் இருக்கிறது. தொடக்கப் பாடங்கள் எல்லாமே முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்தான். 650 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் முதல் ஃப்ரெட், நட்டிலிருந்து சுமார் 36 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. கொடிக்கயிற்றை நடுவில் அழுத்தினால் எளிதாக இறங்கும், கட்டிய ஆணிக்குப் பக்கத்தில் அழுத்தினால் அசையாது. கம்பியும் அப்படித்தான். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரு கம்பியை எவ்வளவு கீழே அழுத்துகிறோமோ, அதே அளவு முதல் ஃப்ரெட்டில் அழுத்த மூன்று மடங்குக்கும் மேலான விசை வேண்டும். நட் சரியாக அறுக்கப்பட்ட கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி மிகத் தாழ்ந்து கிடப்பதால் இது உறைக்காது. நட்டில் காடி ஆழமில்லாமல் போனால் அந்தச் சுமை முழுவதும் பிள்ளையின் விரலில் இறங்குகிறது. எஃப் கார்டில் ஒரே விரல் அதைக் கம்பிக்குக் கம்பி சுமக்க வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு அரை நிமிடம் போதும். கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு ஜெராக்ஸ் தாள் நுழைந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் உயரம், காடியை அரத்தால் தேய்த்து ஆழமாக்க வேண்டும். அரமே இல்லாதவர்கள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற, கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் கம்பிச் செட்டை வாங்கிக்கொள்ளலாம். கம்பியின் தடிமனுக்கு ஏற்றதை எடுத்து, காடி தலைப்பக்கம் சரியும்படி, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கம்பியைப் போட்டுப் பார்த்துத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக்கிவிட்டால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும். கை பழகும்வரை பழைய, உதவாத கிட்டாரில் செய்து பாருங்கள்.

அரத்தைத் தொட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிக் கொடுங்கள். சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும். கம்பியின் இழுவிசை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நட்டின் வேலையைக் கேப்போ எடுத்துக்கொள்வதால் நட்டின் உயரமும் பொருட்டில்லை, ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருங்கி வருவதால் சின்னக் கைக்கு எட்டும். கூடவே, கடையிலிருந்து வந்த 12 எண் கம்பிகளைக் கழற்றிவிட்டு 10 எண் கம்பிகளைப் போட்டுவிட்டால் பாதிக் கண்ணீர் நின்றுவிடும். (நைலான் கம்பி கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டிக்கொண்டு வருகிறவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தப் பலகை அவ்வளவு இழுவையைத் தாங்காது.)

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் எழும்பும், அதோடு கம்பியும் உயரும். மே மாதம் சரிசெய்து கொடுத்த கிட்டார் நவம்பரில் வேறு கிட்டாராகிவிடும். மழைக்காலத்தில் பிள்ளைகள் திடீரென்று பின்தங்கினால், திட்டுவதற்கு முன் மறுபடியும் அளந்து பாருங்கள்.

கருவி சரியானபின் பாடத்தின் வரிசையையும் மாற்றலாம். முதல் ஃப்ரெட்டில் பார் கார்டைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே வடிவத்தை ஏ கார்டாகப் பிடிக்கச் சொல்கிறேன். அது ஒலித்ததும் வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழே இறங்கினால் ஐந்தாவது வாரம் எஃப் வந்து சேரும். அந்த வடிவத்தில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டியதில்லை. நடுக் கம்பிகள் மூன்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மட்டுமே அதன் பொறுப்பு. இதைச் சொன்னவுடனே பல மாணவர்களின் கட்டைவிரல் இறுக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை பாட்டு நிற்க வேண்டாம், முதல் நான்கு கம்பிகளில் எஃப் மேஜர் செவன் பிடித்தே ஒப்பேற்றலாம். 'இளைய நிலா' வாசிக்க வேண்டும் என்று வருகிற பையனைக் கார்டு பயிற்சியிலேயே மூன்று மாதம் உட்கார வைத்தால் அவன் எதற்காக வந்தான் என்பதை நாமே மறக்கடித்துவிடுவோம்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரல் நுனித் தோல் எரிவது சில வாரங்களில் காய்த்து அடங்கிவிடும். மணிக்கட்டில் வலி, விரலில் மரமரப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் "பழகிடும்" என்ற ஒரே பதிலில் அடைப்பது தவறு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு மாணவரின் கிட்டாரையும் அளந்து குறித்து வையுங்கள்: முதல் ஃப்ரெட்டில் இடைவெளி, பன்னிரண்டில் உயரம், கம்பியின் எண், மாணவரின் வயது. மூன்று மாதம் கழித்து அந்த மாணவர் இன்னும் வருகிறாரா என்பதையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள். வருகிற விவரங்களை அப்படியே தொகுத்து இதழில் வெளியிடுவோம். அந்தப் பெண்ணின் கிட்டாரில் நான் குறித்துவைத்த அளவுதான் அதில் முதல் வரி: முதல் ஃப்ரெட்டில் மூன்று விசிட்டிங் கார்டுகள், கம்பி 12, வயது பதினொன்று, வந்தது எட்டு வாரம்.