கனடாவில் கடையில் விற்கிறார்களே, இங்கே ஏன் தடை?

பள்ளியில் போதைப்பொருள் பற்றிய விழிப்புணர்வு உரை முடிந்ததும் ஒரு கேள்வி எழுவதுண்டு. “கனடாவில் கஞ்சாவைக் கடையில் விற்கிறார்கள். இங்கே அதற்குச் சிறைத் தண்டனை, மரண தண்டனைகூட உண்டு. ஒரே செடி அங்கே நல்லதாகவும் இங்கே கெட்டதாகவும் எப்படி இருக்க முடியும்?”

கேட்ட மாணவரை, “இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று சொல்லி உட்கார வைப்பது எளிது. ஆனால் இது நல்ல கேள்வி. பெரியவர்கள் நேரான பதில் சொல்லாவிட்டால் நீங்கள் அதைச் சமூக ஊடகத்தில் தேடுவீர்கள். “அந்த நாடே அனுமதித்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை” என்பதுதான் அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது தவறான பதில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் சட்டம் ஆய்வுக்கூடத்தின் முடிவு அன்று. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ஆனால் பல நாடுகளின் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை எல்லாம் ஒத்துப்போகும் ஓர் இடம் தெரியும். அந்த இடம் உங்கள் வயதைப் பற்றியது.

ஒரு பாலம், இரண்டு சட்டங்கள்

கனடாவையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 17ஆம் தேதி, பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் பயன்படுத்துவதும் அங்கே சட்டபூர்வமானது. பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை ஒருவர் வைத்திருக்கலாம். குறைந்தபட்ச வயது 18. இது மத்திய அரசாங்கம் வகுத்த அடிப்படை விதி. யார் விற்பது, எப்படி வீட்டுக்கு அனுப்புவது, எங்கே புகைப்பது போன்றவற்றை மாகாணங்களின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். மாகாணங்கள் விதிகளை மேலும் கடுமையாக்கலாம்.

அதனால் ஆல்பர்ட்டாவில் வயது வரம்பு 18. பெரும்பாலான மாகாணங்களில் 19. கியூபெக்கில் முதலில் 18 என்று இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அதை 21ஆக உயர்த்தினார்கள்.

கனடாவின் தலைநகரான ஒட்டாவா, ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. ஆற்றின் மறுகரையில் உள்ள காட்டினோ நகரம் கியூபெக்கைச் சேர்ந்தது. இடையில் உள்ள பாலத்தை நடந்தே கடக்கலாம். ஒட்டாவாவில் 20 வயது இளையர் ஒருவர் உரிமம் பெற்ற தனியார் கடையில் கஞ்சா வாங்கலாம். மாகாண அரசாங்கத்தின் இணையக் கடையிலும் வாங்கலாம். பொட்டலத்தைக் கொண்டு வருபவர் வாசலில் வயதைச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதே இளையர் அதே பொட்டலத்தோடு பாலத்தைக் கடந்தால் சட்டத்தை மீறியவர் ஆகிறார். கியூபெக்கில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் அதை வைத்திருக்கவே கூடாது.

வேறுபாடு அதோடு நிற்கவில்லை. கியூபெக்கில் தனியார் கடைகள் இல்லை. அரசாங்க நிறுவனம் மட்டுமே விற்கிறது. மிட்டாய், சாக்லெட் வடிவில் விற்பதற்கு அங்கே தடை. ஒன்டாரியோவில் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வளர்க்கலாம். கியூபெக்கில் ஒரு செடிகூடக் கூடாது. இந்தத் தடையை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தடை விதிக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2023இல் தீர்ப்பு வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாலத்தைக் கடக்கும்போது அந்த இளையரின் மூளையில் எதுவும் மாறவில்லை. பொட்டலத்தில் உள்ள வேதிப்பொருளும் மாறவில்லை. அப்படியென்றால் 18, 19, 21 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன?

எண்களுக்குப் பின்னால் ஒரு பேரம்

சட்டம் வருவதற்கு முன் கனடா அமைத்த நிபுணர் குழு 2016இல் அறிக்கை தந்தது. மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது, அதுவரை ஆபத்து கூடுதல் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியும். இருந்தும் 18 வயதைப் பரிந்துரைத்தது. காரணம் என்ன? கனடாவில் ஏற்கெனவே இளையர்கள் பெரும் எண்ணிக்கையில் கஞ்சா பயன்படுத்திவந்தார்கள். வயது வரம்பை 25 என்று வைத்தால் அவர்கள் கறுப்புச் சந்தையிலேயே தொடர்ந்து வாங்குவார்கள் என்று குழு அஞ்சியது. கனடிய மருத்துவச் சங்கமோ 21 வயது வேண்டும், 25 வயது வரை அளவுக்கும் வீரியத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டது.

ஆக, “இது 18 வயதில் பாதுகாப்பானதா?” என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் பதில் சொல்லவில்லை. “ஏற்கெனவே பரவிவிட்ட ஒன்றின் தீங்கை எப்படிக் குறைப்பது?” என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. சிங்கப்பூரும் மலேசியாவும் “பரவாமல் எப்படித் தடுப்பது?” என்று கேட்கின்றன. கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு.

நாட்டுக்கு நாடு

மற்ற இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 24 மாநிலங்கள் 2024ஆம் ஆண்டுக்குள் 21 வயது நிறைந்தவர்களுக்கு அனுமதி தந்துவிட்டன. ஆனால் அந்நாட்டின் மத்தியச் சட்டம் அதை இன்னும் ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவும் ஆரிகனும் அண்டை மாநிலங்கள், இரண்டிலும் அனுமதி உண்டு. இருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது மத்தியச் சட்டப்படி குற்றம். தலைநகர் வாஷிங்டனில் கஞ்சாவை வைத்திருக்கலாம், சிறிதளவு இன்னொரு பெரியவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம்; ஆனால் 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் வந்த அந்த விதி விற்க இடம் தரவில்லை.

ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்களுக்கு அனுமதித்தது. அங்கே கடை கிடையாது. வீட்டில் மூன்று செடிகள் வளர்க்கலாம் அல்லது உறுப்பினர் சங்கத்தில் சேரலாம். நெதர்லாந்தின் புகழ்பெற்ற ‘காப்பிக் கடை’களில் ஐந்து கிராம் வரை விற்பதைப் பல ஆண்டுகளாகக் காவல்துறை கண்டும் காணாமல் விட்டது, ஆனால் அந்தக் கடைக்குப் பயிரிட்டுக் கொடுப்பது குற்றமாகவே இருந்தது. முன்வாசல் திறந்திருக்க, பின்வாசல் பூட்டியிருந்த நிலை அது. உலகிலேயே முதலில் 2013இல் சட்டபூர்வமாக்கிய உருகுவே, பதிவு செய்துகொண்ட உள்நாட்டவருக்கு மட்டும் மருந்தகங்களில் விற்கிறது. சுற்றுப்பயணிகளுக்கு இல்லை.

நமக்குப் பக்கத்தில் உள்ள தாய்லாந்து 2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. தெருவெங்கும் கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூன் மாதம், மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று விதியை இறுக்கியது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் பூக்கும் நுனியைக் கஞ்சா என்று தடை செய்கிறது. தனியாகப் பறித்த இலை அந்த வரையறைக்குள் வராததால், வட மாநிலங்கள் சிலவற்றில் ‘பாங்கு’ விற்கும் உரிமக் கடைகள் இருக்கின்றன. ஒரே செடி, வெவ்வேறு பகுதி, வெவ்வேறு சட்டம்!

மூளைக்குள் நடப்பது என்ன?

சட்டங்கள் இப்படி மாறும்போது மாறாமல் இருப்பது எது? நம் உடலின் வேதியியல்.

கஞ்சாவில் மயக்கம் தரும் முக்கியப் பொருள் டிஎச்சி. இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெஷூலமும் அவருடைய சகாவும் 1964இல் அதைப் பிரித்தெடுத்தனர். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடியபோது, நரம்பணுக்களின் மேல் அதற்குப் பொருந்தும் ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது. செடிக்காக நம் உடல் ஏற்பிகளை வைத்திருக்காது அல்லவா? 1992இல் மெஷூலமின் ஆய்வுக்கூடத்தில், நம் மூளையே தயாரிக்கும் ஒரு பொருள் அந்த ஏற்பிகளில் பொருந்துவதைக் கண்டறிந்தார்கள். அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆம், நமக்குத் தெரிந்த அதே ஆனந்தம்தான். சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது.

ஆனந்தமைடு தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் சுரந்து, விரைவில் சிதைந்துவிடும். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்றது அது. டிஎச்சி அந்தக் குமிழை மொத்தமாகத் திருகி, நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொள்கிறது. பதின்ம வயதில் மூளை தேவையற்ற இணைப்புகளை வெட்டி, தேவையானவற்றை வலுப்படுத்திக்கொண்டிருக்கிறது. திட்டமிடவும் ஆசையை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. இந்த வேலையில் அதே ஏற்பிகளுக்கும் பங்கு உண்டு. இளம் வயதில் தொடங்குவோர், அடிக்கடி பயன்படுத்துவோர், வீரியம் கூடியதைப் பயன்படுத்துவோர் ஆகியோருக்கு நினைவாற்றல், கவனம் தொடர்பான சிக்கல்களும், அடிமையாகும் வாய்ப்பும், சிலருக்கு மனநோய் அபாயமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. இதில் எவ்வளவு கஞ்சாவால் மட்டுமே வருவது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதம் முடியும் வரை உங்கள் மூளையைச் சோதனைப் பொருளாகத் தர வேண்டிய தேவை இல்லை.

வீரியமும் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டிஎச்சி அளவு 1995இல் சராசரியாக 4 விழுக்காடு; 2014இல் 12 விழுக்காடு. “அந்தக் காலத்தில் எல்லாரும் பயன்படுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சு இன்றைய பொருளுக்குப் பொருந்தாது.

சட்ட வேறுபாடு தந்த ஒரு பாடம்

இடத்துக்கு இடம் சட்டம் மாறுவது விஞ்ஞானிகளுக்கு ஒரு வாய்ப்பு. மக்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாத சோதனையைச் சட்டங்களே செய்துவிடுகின்றன. கனடாவில் மிட்டாய் வடிவக் கஞ்சாவை அனுமதித்த மாகாணங்களையும் அனுமதிக்காத கியூபெக்கையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தெரியாமல் கஞ்சா சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது எல்லா இடங்களிலும் அதிகரித்திருந்தது. ஆனால் மிட்டாய் விற்ற மாகாணங்களில் அந்த அதிகரிப்பு மிகவும் பெரிது. ஒரு பொட்டலத்தில் டிஎச்சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளைகள் எளிதில் திறக்க முடியாத உறையில் இருக்க வேண்டும் என்ற விதிகள் இருந்தும் இப்படி நடந்தது.

இதற்கும் உடலியல் காரணம் உண்டு. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, சாப்பிட்டால் அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தெரியும். “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொன்றை எடுத்துச் சாப்பிடுவது அதனால்தான்.

எல்லாரும் ஒத்துப்போகும் இடம்

இப்போது வயது வரம்புகளை மீண்டும் பாருங்கள். உருகுவே 18. ஜெர்மனி 18, அதிலும் 21 வயதுக்குக் கீழ் உள்ள சங்க உறுப்பினருக்கு மாதம் 30 கிராம்தான், டிஎச்சி 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாய்லாந்து 20. அமெரிக்க மாநிலங்கள் 21. எதை எதையோ அனுமதித்த இந்த இடங்களில் ஒன்றுகூட, பள்ளி மாணவருக்கு விற்கலாம் என்று சொல்லவில்லை. “கனடாவில் விற்கிறார்களே” என்று சொல்பவரிடம் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்: “எனக்கு அங்கேயும் விற்க மாட்டார்கள்.”

“அது மருந்துதானே?” என்று சிலர் கேட்பார்கள். கஞ்சாவில் உள்ள சிபிடி என்ற வேறொரு பொருளைத் தூய்மைப்படுத்திச் செய்த மருந்தை, கடுமையான இருவகை வலிப்பு நோய்களுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2018இல் அங்கீகரித்தது உண்மை. அளவு குறித்து, சோதித்து, மருத்துவர் கொடுப்பது மருந்து. இலையைச் சுருட்டிப் புகைப்பதற்கு அந்தப் பெயரை இரவல் தர முடியாது.

பெட்டியோடு வரும் சட்டம்

உங்களில் பலர் சில ஆண்டுகளில் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வீர்கள். விடுமுறைக்குப் பாங்காக் போவீர்கள். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் அது இங்கே உட்கொண்டதற்குச் சமமான குற்றம். திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் சிறுநீர்ச் சோதனை செய்யலாம். டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் அதன் எச்சம் உடலில் பல நாள், அடிக்கடி பயன்படுத்துவோரிடம் பல வாரம்கூடத் தங்கும். “அங்கே சட்டபூர்வம்” என்ற வாதம் இங்கே எடுபடாது. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு. மலேசியாவில் 200 கிராம் வைத்திருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். நண்பருக்கு வாங்கிய மிட்டாய், பிஸ்கட் பொட்டலத்தில் கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இனி பயணத் தயாரிப்பில் ஒன்று.

தண்டனை எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பள்ளிகளில் இதை எப்படிப் பேசுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. “தொடாதே” என்று மட்டும் சொன்னால் போதாது. நாட்டுக்கு நாடு விதி ஏன் மாறுகிறது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். விளக்கினால் ஆசையைத் தூண்டிவிடும் என்று சில பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் மிகைப்படுத்தி மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, வெளிநாட்டில் கடையைக் கண்ணால் பார்க்கும் நாளில், நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே சந்தேகிக்கும். காரணம் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு.

ஆகவே அடுத்த முறை விழிப்புணர்வு உரை நடக்கும்போது அந்தக் கேள்வியைக் கையைத் தூக்கிக் கேளுங்கள். ஆசிரியர்களே, உட்கார வைக்காமல் பதில் சொல்லுங்கள்.