சுமை எவ்வளவு, வேகம் எவ்வளவு?

ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருத்தலப் பெருவிழாவுக்குச் சைக்கிளில் செல்லும் வழக்கம் எமது இளைஞரிடையே உண்டு. அது வரவேற்கத்தக்கது. ஆனால் பைகளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வான் வருமானால், அப்பயணத்தின் பாதிப் பயன் போய்விடுகிறது என்பதே என் கருத்து. தன் சுமையைத் தானே சுமந்து, தன் பலமறிந்து செல்வதில்தான் பாடம் இருக்கிறது.

முதலில் வேகம். யாழ்ப்பாணத்திலிருந்து எந்தப் பாதையால் சென்றாலும் மடு 100 கிலோமீற்றருக்கு மேல். இதை ஒரே நாளில் ஓடி முடிக்கப் பந்தயம் பிடிப்பவர்கள் உண்டு. ஓகஸ்டில் வன்னி வறண்டு கிடக்கும். தெற்கு நோக்கிச் செல்பவரின் முகத்தில் சோளகக் காற்று அடிக்கும். வெளிச்சம் பூட்டிய சைக்கிளில் அதிகாலையிலேயே புறப்பட்டு, வெயில் ஏறமுன் பெரும்பகுதியை முடிப்பதே புத்தி. மணிக்கு 12 கிலோமீற்றர் என்றால் ஐந்து மணித்தியாலத்தில் 60 கிலோமீற்றர். ஒரு நாளுக்கு அது போதும். மணிக்கொருமுறை பத்து நிமிடம் ஆறுங்கள். தாகம் எடுக்கமுன்னரே தண்ணீர் குடியுங்கள். குழுவின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் முன்னால் ஓடுபவர் அல்லர், ஆகக் கடைசியில் வருபவரே. இவ்விதம் போனால் மூன்றாம் நாள் காலையில் மடுவில் நிற்கலாம். செபிக்கவும் உடம்பில் பலமிருக்கும்.

அடுத்தது சுமை. மாற்றுடுப்பு ஒன்று, துவாய், போர்வை, இரண்டு போத்தல் தண்ணீர், ஜீவனிப் பைக்கற், கொஞ்சம் பொரிவிளாங்காய். இவற்றோடு ரியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், பம், ஸ்பனர். எல்லாமாக 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். பாரமானதைக் கரியரின் இருபுறமும் தாழ்வாக, சமமாகக் கட்டுங்கள். உயரக் கட்டினால் சைக்கிள் ஆடும். பழைய ரியூபில் வெட்டிய பட்டி கயிற்றைவிட நன்றாக இறுக்கும். புறப்பட ஒரு வாரத்துக்கு முன் சுமையோடு 20 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். தேவையற்றது எதுவென்று கால்களே சொல்லும்.

"வழியில் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முதலுதவி தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கட்டும். இயலாதவர் பஸ் ஏறுவது வெட்கமில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், எதை எடுப்பது எதை விடுவது என்று சில மணித்தியாலங்களில் முடிவெடுத்துச் சைக்கிளில் கட்டின. 2022இல் பெற்றோல் இல்லாதபோதும் சைக்கிளே கைகொடுத்தது. அன்று நெருக்கடி கற்பித்ததை இன்று இளைஞர் விரும்பிக் கற்கலாம். எது போதும் என்று அறியாத மக்கள், கிராம அபிவிருத்தியிலும் பிறருடைய லொறிக்காகவே காத்திருப்பர்.

மடுப் பாதையிலுள்ள பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். இரவு தங்க மண்டபத்தையும் குளிக்கக் கிணற்றையும் திறந்து கொடுங்கள். வான் தேவைப்படாது.