கிராப்புக் கோழியைக் கைவிடலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் திருப்பதியிலும் சித்தூரிலும் வெயிலோடு திருவிழாவும் சேர்ந்தே வருகிறது. கங்கம்மா ஜாதரை நடப்பது மே மாதத்தில். வேஷம் கட்டியவர்கள் தெருவெல்லாம் வலம் வருகிறார்கள். வீட்டுக்கு வீடு பொங்கல் வைக்கிறார்கள். உறவினர் கூட்டம் கூடுகிறது. நாட்டுக்கோழிக்கு அப்போது ஏற்படும் கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இல்லாமல் ராயலசீமை விருந்து நிறைவு பெறாது.

அதே நாட்களில்தான் கோழிப் பண்ணைக்காரர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் கொட்டகைக்குள் பிராய்லர் கோழிகள் அலகைத் திறந்து இரைக்கத் தொடங்கிவிடுகின்றன. கூரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுகிறார்கள். உச்சிவேளையில் தீனியை நிறுத்திவிடுகிறார்கள். அப்படியும் மாலைக்குள் சில உருப்படிகள் சரிந்துவிடுகின்றன. 2015-ஆம் ஆண்டு மே மாதம் ஆந்திராவையும் தெலங்கானாவையும் வாட்டிய அனல் காற்றில் மனித உயிர்களோடு கோழிகளும் ஏராளமாக மடிந்தன.

கொட்டகைக்கு வெளியே, ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில், கழுத்தில் ஒரு சிறகும் இல்லாத கோழி ஒன்று அதே வெயிலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். பார்க்க அழகில்லை, கழுத்து சிவந்து, தோல் சுருங்கி, பாதி உரித்தது போல் இருக்கும். ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் கிராப்புக் கோழி. கழுகின் கழுத்தைப் போல் இருப்பதால் கழுகுக் கோழி என்பவர்களும் உண்டு.

இந்தக் கோழி மெல்ல மெல்ல மறைந்துவருகிறதே என்று கவலைப்படுபவர் அதிகம் இல்லை. கவலைப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது.

அழகு பார்த்து ஒதுக்குவது

முடியில்லாத கழுத்தைக் கண்டதும் சொறி பிடித்த கோழி என்று நினைப்பவர்கள் உண்டு. மேல்நாட்டிலும் இதே மயக்கம் இருந்தது. வான்கோழியும் சாதாரணக் கோழியும் கலந்து பிறந்தது என்று அங்கே பலர் நம்பி, இரண்டு பெயரையும் ஒட்டி 'டர்க்கன்' என்றே அழைத்தார்கள். இரண்டும் தவறு. இது நோயும் அன்று, கலப்பும் அன்று. முட்டையிலிருந்து வெளிவரும்போதே குஞ்சின் கழுத்து வெறுமையாக இருக்கிறது. தாய் அல்லது தந்தை வழியில் வந்த பரம்பரைக் குணம் இது.

இதன் காரணத்தை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ராஸ்லின் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2011-இல் கண்டறிந்தார்கள். இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் இந்தக் கோழிகளில் அளவுக்கு மீறி உண்டாகிறது. கழுத்துத் தோலில் வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ஒரு பொருள் இருப்பதால் அந்தத் தடை அந்த இடத்தில் முழுமையாகப் பலிக்கிறது. உடலின் மற்றப் பகுதிகளில் இறகு குறைகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை.

இறகு குறைவதால் என்ன லாபம்? கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருப்பது. வெளியே சூடு ஏறினால் வாயைத் திறந்து இரைத்துத்தான் அது வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இரைக்கும்போது தீனி உள்ளே போகாது. இரத்தத்தின் சமநிலை கெட்டு முட்டை ஓடும் மெலிந்துவிடும். கழுத்து வெறுமையாக இருந்தால் தோல் வழியாகவே சூடு வெளியேறுகிறது. கோழி இரைப்பது குறைகிறது, தின்பது தொடர்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. இறகு என்பதே புரதம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குணத்தைப் பெற்ற கோழிக்கு இறகு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. இருவரிடமிருந்தும் பெற்றதற்கு 40 சதவீதம் குறைவு. இறகுக்குப் போக வேண்டிய சத்தின் ஒரு பகுதி சதைக்குப் போகிறது. உரித்து எடைபோட்டால் இறைச்சியின் விகிதமும் சற்றுக் கூடுகிறது.

மேல்நாட்டார் செய்தது

கிழக்கு ஐரோப்பாவில் டிரான்சில்வேனியா வட்டாரம் இந்தக் கோழிக்குப் பெயர் போனது. அதைப் பணமாக்கிக் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1970-80களில் அந்நாட்டு அரசு விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மெரா என்ற விஞ்ஞானி, வெப்ப நாடுகளுக்கு இந்தக் குணம் எவ்வளவு உதவும் என்பதை விரிவாக ஆராய்ந்து 1986-இல் எழுதினார். 'லேபில் ரூஜ்' என்ற சிவப்பு முத்திரை பெற்ற கோழி பிரான்சில் உயர்ந்த விலைக்குப் போகிறது. குறைந்தது 81 நாட்கள் வளர்ந்தால்தான் அதற்கு அந்த முத்திரை கிடைக்கும். பிராய்லர் போல் ஆறு வாரத்தில் அறுப்பதற்கு இடமில்லை. அந்த முத்திரைக் கோழிகளில் கழுத்து முடியற்றவை மிகச் சாதாரணம். அங்கே வெறுங்கழுத்து, வெளியில் மேய்ந்து வளர்ந்த நல்ல கோழிக்கு அடையாளம். இங்கே அதுவே விலை பேரத்தில் குறை சொல்ல ஒரு காரணமாகிவிடுகிறது!

இந்தியாவிலும் விஞ்ஞானிகள் சும்மா இருந்துவிடவில்லை. 1979-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஜ்ஜத்நகரில் இருக்கிறது. கழுத்து முடியற்ற நாட்டுக்கோழியைக் கலந்து 'ஹித்காரி' என்ற கொல்லைக்கோழி ரகத்தை அது உருவாக்கியது. ஆனால் பரேலி எங்கே, நகரி எங்கே? அங்கே உருவான ரகம் இங்குள்ள கொல்லைக்கு வந்து சேர்வதற்குள் இங்கே ஏற்கெனவே இருப்பது அழிந்துபோகக் கூடாது.

பதிவேட்டில் ஏறாத செல்வம்

இந்த வட்டாரம் கோழிக்குப் புதிதன்று. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவள நிலையத்தின் பதிவேட்டில் ஆந்திரத்தின் பெயரால் அசீல், டங்கி, காகஸ் ஆகியவற்றோடு 'காளஸ்தி' என்ற இனமும் இடம் பெற்றிருக்கிறது. காளஹஸ்தியின் பெயர் கோயிலுக்கு மட்டுமல்லாமல் ஒரு கோழி இனத்துக்கும் உரியது என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது.

பெயர் பெற்ற இனத்தைக் காப்பது சுலபம். அதைத் தேடி வருவார்கள், எண்ணுவார்கள், பாதுகாப்பார்கள். கிராப்புக் கழுத்து ஓர் இனம் அன்று, குணம். இந்த வீட்டில் ஒன்று, அந்தத் தெருவில் இரண்டு என்று கறுப்பிலும் சிவப்பிலும் பலநிறத்திலும் சிதறிக் கிடப்பது. அதற்கு ஊரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை.

இதில்தான் ஆபத்து. பரம்பரைக் குணங்களில் சில மறைந்திருந்து, இரண்டு தலைமுறை கழித்து மீண்டும் தலைகாட்டும். கிராப்புக் கழுத்து அப்படி மறைந்திருக்கத் தெரியாதது. அந்தக் குணம் உடலில் இருந்தால் கழுத்தில் தெரிந்தே தீரும். கழுத்து நிறைய முடியுள்ள கோழி எந்தக் கிராப்புக் கோழிக்குப் பிறந்திருந்தாலும் அதனிடம் அந்தக் குணம் துளியும் இல்லை. ஆகவே ஓர் ஊரின் கடைசிக் கிராப்புக் கோழி குழம்புச் சட்டிக்குப் போன அன்றே அந்த ஊரில் அந்தக் குணம் அற்றுப்போகிறது. பிறகு எத்தனை தலைமுறை அடை வைத்தாலும் திரும்ப வராது. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

ஒரு வீட்டில் பத்துக் கோழி இருந்து, பணமுடையில் இரண்டை விற்க நேர்ந்தால் எது முதலில் போகும்? கண்ணுக்கு அழகான பெட்டையை நிறுத்திக்கொண்டு, மொட்டைக் கழுத்தைக் கூடையில் போடுவது மனித சுபாவம். இந்தச் சிறிய முடிவு ஆயிரம் கொல்லைகளில் எடுக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்லைக் கோழி வளர்ப்பை ஊக்குவிக்க வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்களின் குஞ்சுகள் கிராமங்களில் வினியோகிக்கப்படுகின்றன. ஐதராபாத் ராஜேந்திரநகரில் உருவான இந்த ரகங்கள் நாட்டுக்கோழியை விட எடையிலும் முட்டையிலும் மேலானவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை அடையில் சரியாக உட்காருவதில்லை. வளர்த்தவர் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கியாக வேண்டும். நாட்டுப் பெட்டையோ முட்டையிட்டு, அடைகாத்து, பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காத்து, கூலி கேட்காமல் அடுத்த தலைமுறையைக் கொடுத்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகளில் சுமார் 31.7 கோடி வீட்டுக் கொல்லைகளில் வளர்பவை. அவற்றின் வரும்படி பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் அதிலிருந்துதான் புறப்படுகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடியது

இந்தக் குணத்தைக் காப்பாற்ற ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண் இருந்தால் போதும். இயற்கையே அடையாளம் இட்டுவைத்திருக்கிறது. இரு வழியிலும் குணம் பெற்ற கோழியின் கழுத்து அநேகமாக முழு மொட்டை. ஒரு வழியில் மட்டும் பெற்றதற்கு முன்கழுத்தில், இரைப்பைக்கு மேலே, ஒரு கொத்து இறகு தாடி போல் தங்கியிருக்கும்.

முழு மொட்டைச் சேவலைச் சாதாரணப் பெட்டைகளோடு விட்டால் பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் தாடி வைத்த கிராப்புக் கோழிகளாகவே இருக்கும். தாடிச் சேவலாக இருந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி அப்படி அமையும். மொட்டையோடு மொட்டையையே தொடர்ந்து சேர்ப்பது உசிதமன்று. குஞ்சு பொரிக்கும் விகிதம் குறைவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தெருவுக்கு ஒரு நல்ல மொட்டைச் சேவல் இருந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பக்கத்து ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொண்டால் நெருங்கிய இரத்தக் கலப்பும் நேராது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெயிலுக்கு நல்லது குளிருக்கு நல்லதாகாது. மார்கழியில் பலமனேர், குப்பம் மேட்டு நிலங்களில் இந்தக் குஞ்சுகளுக்குக் கூடுதல் கதகதப்பு தேவை. பெரிய கோழிகளும் குளிரை ஈடுகட்ட அதிகம் தின்னும். கழுத்துத் தோல் திறந்திருப்பதால் கொசு கடிக்க இடம் அதிகம். கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பங்கு உண்டென்பதால் அம்மைத் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் மொட்டைக் கழுத்தென்று இரக்கம் காட்டுவதில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வார வாக்கில் ஊசியும் எல்லாக் கோழிகளையும் போல் இதற்கும் போட்டே ஆகவேண்டும். 2024-இல் நெல்லூரிலும் 2025-இல் கோதாவரி மாவட்டங்களிலும் தலைகாட்டிய பறவைக் காய்ச்சலுக்கும் இந்தக் குணம் கவசம் ஆகாது. கிராப்புக் கோழி சர்வரோக நிவாரணி அன்று. வெயிலைத் தாங்கும் கோழி, அவ்வளவுதான். ஆனால் வெயில்தானே இந்தப் பூமியின் பெரிய பிரச்னை?

திருப்பதியின் பொறுப்பு

இதற்கு ஏற்ற நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. 2005-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் இங்கேயே அமைந்தது. மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது எந்தக் கிராமத்தில் எத்தனை கிராப்புக் கோழிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு வரச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நல்ல சேவல்களைப் பொறுக்கி ஒரு சிறு மந்தையை நிறுத்தி, மகளிர் குழுக்களுக்குக் குறைந்த விலையில் சேவல் கொடுப்பதற்குப் பெருந்தொகை பிடிக்காது. குஞ்சு வினியோகத் திட்டங்களிலும் கிராப்புக் கழுத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கலாம்.

எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களையும் மறந்துவிடக் கூடாது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழர்கள் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் இன்றும் வாழ்கிறார்கள். 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதி ஜில்லா அமைத்தபோது அவர்களும் இரண்டு ஜில்லாக்களில் பங்கிடப்பட்டார்கள். கோழி வளர்க்கும் பாட்டிமார்களில் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தடுப்பூசி நாட்களையும் சேவல் தேர்வையும் விளக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றை அவர்களுக்குப் புரியும் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்தால் அரசுக்கு ஆகும் செலவு அற்பம். விளையும் நன்மை பெரிது.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த ஜாதரைக்குக் கோழி பிடிக்கும்போது மொட்டைக் கழுத்துச் சேவல் ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்து மறுபடியும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் போதும். அதற்கு அடுத்த கோடையில் அந்தக் கொல்லையில் வெயிலுக்கு அஞ்சாத குஞ்சுகள் ஓடும்.