கல்யாணப் பெண்ணின் கண்ணில் யாருடைய லென்ஸ்?

பியூட்டி பார்லர் மேக்கப் பெட்டியில் லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் கான்டாக்ட் லென்ஸ் டப்பா இருக்கவே கூடாது. கும்பகோணத்தில் கண்ணாடிக் கடை வைத்து, கண் பரிசோதனையும் செய்கிற ஆப்டோமெட்ரிஸ்டாக இதைச் சொல்கிறேன். வைகாசியும் ஆவணியும் பிறந்தால் போதும், மருதாணி நிறம் மாறாத கைகளால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு புதுப்பெண்கள் என் கடைப்படி ஏறுகிறார்கள்.

நடப்பது இதுதான். விடியற்காலை நாலரை ஆறு முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலமே வரவேற்பு. சாம்பல் நிறமோ தேன் நிறமோ, புடவைக்குப் பொருத்தமாக ஒரு லென்ஸை பார்லர்க்காரப் பெண் மாட்டிவிடுகிறார். போட்டோ எடுத்து, சாப்பிட்டு, மண்டபத்து அறையில் பெண் தலை சாய்க்கும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். லென்ஸைக் கழற்றுவதில்லை. இரண்டு மணிக்கு எழுப்பி அதற்கு மேலேயே மை தீட்டுகிறார்கள். பிறகு ஹோமப் புகை, வியர்வை, அழுகை. மறுநாள் மத்தியானம்தான் லென்ஸ் வெளியே வருகிறது. போன முகூர்த்தத்தில் அதே லென்ஸ் வேறொரு பெண்ணின் கண்ணில் இருந்திருக்கலாம். கேட்டால், “ஒரு நைட்டு மட்டும்தானே அக்கா, சொலூஷன்லதான் போட்டு வச்சிருந்தேன்” என்கிறார்கள்.

அந்த ஒரு ராத்திரியே போதும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் அது வாங்கிக்கொள்கிறது. தூங்கும்போது இமை மூடி, அந்த வரவு குறைந்துவிடும். உள்ளே லென்ஸும் இருந்தால் இன்னும் குறையும். கிருமியைக் கழுவிவிடும் கண்ணீரும் லென்ஸுக்கு அடியில் தேங்கி நிற்கும். லென்ஸோடு தூங்கினால் கருவிழித் தொற்றுக்கான ஆபத்து 6 முதல் 8 மடங்கு கூடும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துத் துளைத்துவிடக்கூடியது.

தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, “நல்ல தண்ணியிலதாம்மா கழுவிப் போட்டோம்.” அந்தத் தண்ணீரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற அமீபா இருக்கலாம். லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் நுழைந்தால் கெட்டியான கூடு கட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்பி நிற்கும். வைத்தியம் மாதக்கணக்கில் நீளும். நோய் போனாலும் தழும்பு பார்வையை மறைத்து நிற்கலாம். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகிறது. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எதுவுமே லென்ஸில் படக் கூடாது. ஹோம நெருப்பில் லென்ஸ் உருகிக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்களே, அப்படி நடக்காது. பயப்பட வேண்டியது மண்டபத்து வாஷ்பேசினைப் பார்த்துத்தான்.

கண் சிவந்த பிறகு செய்வது அதைவிட மோசம். தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலியும் குறையும், உள்ளே தொற்று மட்டும் வளரும். வலி, கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லென்ஸைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அது உதவும்.

அமெரிக்காவில் 2005 முதல் பவர் இல்லாத கலர் லென்ஸையும் சட்டம் மருத்துவச் சாதனமாகவே நடத்துகிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்க முடியாது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனங்கள் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனாலும் ஃபேன்சி ஸ்டோரில் வளையலோடு லென்ஸும் கிடைக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தக் கடைகளையும் பார்லர்களையும் சோதிக்க வேண்டும். ஒருவர் போட்ட லென்ஸை இன்னொருவருக்கு மாட்டுவது தண்டனைக்குரியதாக வேண்டும். பார்லர் நடத்தும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அழகுக்கலைப் பயிற்சியில் இதற்கென்று ஒரு வகுப்பு வைத்தால் அவர்களே முதலில் நிறுத்துவார்கள்.

லென்ஸ் ஆசை தப்பில்லை. கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பே கண்ணைப் பரிசோதித்து, உங்கள் அளவுக்கு, உங்களுக்கென்றே, ஒரு நாள் போட்டுவிட்டு எறிகிற லென்ஸாக வாங்குங்கள். வரவேற்புக்கு ஒரு ஜோடி, முகூர்த்தத்துக்குப் புதிதாக இன்னொரு ஜோடி. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு முதலில் லென்ஸ், பிறகு மை. கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில். பார்லருக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே, “உங்க லென்ஸ் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.